வாகனம் ஏற்றும் பெட்டி: வர்ணத்தைப் பார்த்து வாங்கலாமா?

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பகுதி வியாபாரிகள் பலரிடம் உழவு இயந்திரமும் பெட்டியும் உண்டு. நெல்லும் மணலும் ஏற்றும் அதே பெட்டியில்தான் இரு சக்கர உழவு இயந்திரத்தையும் பழுதான முச்சக்கர வண்டியையும் ஏற்றுகிறோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், முன்பு பாதையில் வாவியைக் கடந்தவர்கள் பெட்டியோடு நேரே படுவான்கரைக்குப் போய்வருகிறார்கள். ஆனால் நெல்லுக்குப் பொருத்தமான பெட்டி வாகனத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நெல் மூட்டைகளின் பாரம் தட்டு முழுவதும் பரவி நிற்கும். வாகனத்தின் பாரமோ சக்கரம் நிற்கும் சில இடங்களில் மட்டும் இறங்கும். எனவே தட்டின் கீழே குறுக்குச் சட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, இழுவைச் சட்டம் செசியோடு சேரும் இடம். அதிக இழுபடுவது இந்த இடந்தான். வெல்டிங் விட்டுவிட்டுப் போடப்பட்டிருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். புது வர்ணம் பூசிய பழைய பெட்டிகளில் வெடிப்பைப் பட்டி பூசி மறைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; சத்தம் மந்தமாகக் கேட்டால் வர்ணத்தைச் சுரண்டிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

மூன்றாவது கறள். நமது வாவி நீரில் உப்புண்டு. தோணி ஏற்ற நீரில் இறக்கிய பெட்டியை அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். மூடிய குழாய்ச் சட்டத்தின் உட்புறக் கறள் கண்ணுக்குத் தெரியாது. திறந்த சட்டமென்றால் பார்க்கவும் வர்ணம் பூசவும் இலகு.

சக்கரத்தை ஜக்கில் உயர்த்திச் சுற்றியும் ஆட்டியும் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பெயாரிங்கைக் கவனிக்க வேண்டும். இணைப்புப் பின்னுக்குப் பூட்டும், அது கழன்றால் தாங்க ஒரு சங்கிலியும் அவசியம். கட்டும் வளையங்கள் செசியில் இருக்க வேண்டும், பக்கப் பலகையில் அல்ல.

நல்ல பெட்டியையும் பிழையான ஏற்றம் கெடுத்துவிடும். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின்னால் போனால் இழுவைச் சட்டம் மேலெழும்பி, உழவு இயந்திரத்தின் பின்சக்கரப் பிடி குறைந்து, பிறேக் போதாமல் போகும். பாலத்திலிருந்து இறங்கும்போது இது ஆபத்து. மூன்று தொன் அளவிலான பெரிய அறுவடை இயந்திரத்தை இதில் ஏற்ற நினைக்கவே வேண்டாம்; அதற்கு லொறிதான் சரி.

கடைசியாகப் பத்திரங்கள். பெட்டிக்கும் தனியான பதிவிலக்கம் உண்டு. செசியில் பொறித்த இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பின்னரே முற்பணம் கொடுங்கள். இரவில் ஓடுவதானால் பின்புறம் ஒளி தெறிக்கும் பட்டியும் விளக்கும் கட்டாயம்.

மலிவான பெட்டியில் மிச்சப்படும் தொகை ஒரு வாகனம் சரிந்தால் அதன் திருத்தக் கூலிக்கே போதாது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் உயிருக்கோ விலையே இல்லை.