பழைய காரை ஏற்றிச் செல்ல எந்த லாரி, எந்த டிரெய்லர்?

பழைய காரை ஓட்டாமல் வெளியூர் கொண்டுபோக மூன்று வழிகள் உண்டு. சரிந்து இறங்கும் தட்டையான பாடி கட்டிய லாரியில் ஏற்றலாம். மூடிய கண்டெய்னர் லாரியில் வைத்து அனுப்பலாம். பிக்கப் போன்ற வண்டிக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி இழுத்துச் செல்லலாம். எது பொருந்தும் என்பதைக் காரின் எடை, நீளம், போகும் பாதை, சட்டம் ஆகிய நான்கும் சேர்ந்து முடிவு செய்கின்றன. லாரியை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் காரை அடக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் செலவு இரட்டிப்பாகிறது.

கொங்கு நாட்டில் இந்தத் தேவைக்கு ஆழமான வேர் உண்டு. 1920-ல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு பிறந்த கலங்கல், கோவை அருகிலுள்ள சூலூரை ஒட்டிய ஊர். அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் 2015-ல் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்டது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளம் இருக்கிறது. லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த இந்த வட்டாரத்தில், கடையில் கிடைக்காத பழைய உதிரிப்பாகத்தையும் கடைந்து எடுத்துவிட முடியும். அதனால் சீரமைப்புக்கு வரும் கார்களும், கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கிளம்பும் கார்களும் சாலையில் போய்வந்துகொண்டே இருக்கின்றன.

சட்டமும் ஏற்றிச் செல்வதற்குக் காரணமாகிறது. மத்திய அரசு 2021-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ வகையாகத் தனியே பதிவு செய்ய வழி வகுத்தது. இவற்றின் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை.

எடையும் அளவும்

வேலை காரிலிருந்து தொடங்குகிறது. அம்பாசடர் ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம், 1.2 டன் எடை. பிரீமியர் பத்மினி 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை 900 கிலோவை ஒட்டி வரும். மாரிஸ் மைனரும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதைவிடவும் இலேசானவை. 1960-களின் ஷெவர்லே இம்பாலா 5.3 மீட்டருக்கு மேல் நீண்டு, அகலத்திலும் 2 மீட்டரைத் தொடும். ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ 2 டன்னைத் தாண்டும்.

புத்தகத்தில் உள்ள எடையை அப்படியே நம்பிவிட முடியாது. சீரமைப்பில் தடித்த தகடு ஏறியிருக்கலாம், எஞ்சினே மாறியிருக்கலாம், டிக்கியில் உதிரிப்பாகங்கள் குவிந்திருக்கலாம். சூலூர், பல்லடம் சாலைகளில் ஜல்லி லாரிக்கும் பஞ்சு லாரிக்கும் எடைமேடைகள் உண்டு. காரை ஒருமுறை அங்கே நிறுத்தி எடை போட்டுச் சீட்டு வாங்கிவிட்டால் பிறகு ஊகத்துக்கு இடமில்லை. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, முழுக் காரையும் ஏற்றி ஒருமுறை எடை பார்த்தால், பாரம் முன்னும் பின்னும் எப்படிப் பிரிகிறது என்பதும் தெரிந்துவிடும். டிரெய்லரில் காரை எங்கே நிறுத்துவது என்பதற்கு அந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும்.

லாரியைத் தேர்வது

நம் ஊரில் சரக்கு வண்டிகளின் பாடியை அடிக் கணக்கில் சொல்வதுதான் வழக்கம். 14 அடி என்பது 4.27 மீட்டர். பத்மினி இதில் தாராளமாக நிற்கும். அம்பாசடரின் பம்பர் சில சென்டிமீட்டர் வெளியே நீளும். 17 அடி என்றால் 5.18 மீட்டர், இந்தியாவில் செய்த பழைய கார்கள் பெரும்பாலும் இதில் அடங்கும். இம்பாலா போன்ற அமெரிக்கக் கார்களுக்கு 19 அடிக்குக் குறையாமல் வேண்டும்.

எடையில்தான் பலர் சறுக்குகிறார்கள். குட்டியானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் இந்த வேலைக்குச் சிறியது. டாடா 407, ஐச்சர் போன்ற நடுத்தர வண்டிகளே தொடக்க நிலை. ஆனால் விற்பனையாளர் சொல்லும் சுமைத் திறன் சாதாரண பாடிக்கு உரியது. அதே சேஸில் ஹைட்ராலிக்கில் சரியும் தளம், பம்பு, விஞ்ச் எல்லாம் பொருத்தினால் அவற்றின் எடை சுமைத் திறனிலிருந்துதான் கழியும். ஆகவே பாடி கட்டி முடித்த பிறகு வெறும் வண்டியை எடை போட்டு, பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடையிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதே உண்மையில் ஏற்றக்கூடிய சுமை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரி பாடி கட்டுவது பெரிய தொழிலாக வளர்ந்திருப்பதால், தேவைக்கேற்ற தளம் அமைப்பது இங்கே கடினமல்ல. வாங்கிய வண்டியில் மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலும் பெற வேண்டும்.

சரியாத தளமுள்ள லாரியில் ஏற்றுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. தளம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் பலகை போட்டாலும் சாய்வு 19 பாகையைத் தாண்டும். தாழ்வான கார் அந்தச் சாய்வில் பம்பரையோ சைலன்சரையோ இடித்துக்கொள்ளும். பின் நோக்கி நகர்ந்து சரியும் தளத்தில் இந்தத் தொல்லை இல்லை; ஓடாத காரையும் விஞ்ச் போட்டு மெல்ல இழுத்துவிடலாம்.

முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துச் செல்லும் கிரேன் வண்டி பழைய காருக்கு ஏற்றதல்ல. அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு எல்லாம் பின் சக்கர இயக்கம் கொண்டவை. பின் சக்கரம் தரையில் உருளும்போது புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுழலும். எஞ்சின் ஓடாததால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சரிவரப் பரவாது. நெடுந்தூரம் இப்படி இழுத்தால் கியர்பாக்ஸ் பழுதாகும். வேறு வழியே இல்லையென்றால் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

டிரெய்லரைத் தேர்வது

டிரெய்லரின் பெரிய வசதி தாழ்வான தளம். அரை மீட்டர் உயரத் தளத்துக்கு 2.5 மீட்டர் பலகை போட்டால் சாய்வு 12 பாகைக்குள் அடங்கும். வேலை முடிந்ததும் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, இழுத்த வண்டியை மற்ற வேலைக்குப் பயன்படுத்தலாம்.

காரும் டிரெய்லரும் சேர்ந்து ஒன்றரை டன்னைத் தாண்டினால் இரட்டை அச்சு நல்லது. ஒரு டயர் வெடித்தாலும் மற்றது தாங்கும். குண்டும் குழியுமான சாலையிலும் ஆட்டம் குறையும். பிரேக் இல்லாத டிரெய்லரில் கார் ஏற்றுவது ஆபத்து. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். முன் வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையிலேயே பிடிக்கும் பிரேக் ஒரு வகை. மின்சாரத்தில் இயங்குவது இன்னொரு வகை. கொக்கி தப்பினாலும் இணைப்பு அறாதபடி காப்புச் சங்கிலி இரண்டு வேண்டும்.

டிரெய்லர் நிலையாக ஓடுவது பாரம் அமரும் இடத்தைப் பொறுத்தது. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் கணக்கு. 1,200 கிலோ காரும் 700 கிலோ டிரெய்லரும் சேர்ந்து 1,900 கிலோ என்றால், கொக்கியில் 190 கிலோவாவது இறங்க வேண்டும். பாரம் பின்னால் ஒதுங்கினால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பாக நெளியத் தொடங்கும். எஞ்சின் முன்னால் உள்ள கார்களை மூக்கு முன்நோக்கி ஏற்ற வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால் இருப்பதால் அதைத் திருப்பியோ, மேலும் முன்னே தள்ளியோ நிறுத்த வேண்டியிருக்கும்.

இழுக்கும் வண்டி

எஞ்சின் வலிமை மட்டும் பார்த்து இழுக்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இழுத்துவிடுவது எளிது, நிறுத்துவதுதான் கடினம். சட்டகம் உறுதியாகவும், அச்சுகளுக்கிடையே தூரம் நீண்டும், வண்டியின் எடை டிரெய்லரின் மொத்த எடையைவிடக் குறையாமலும் இருந்தால் பின்னிருப்பது முன்னிருப்பதை அலைக்கழிக்காது. தனிச் சட்டகமுள்ள பிக்கப் இதற்கு ஏற்றது. சாதாரண ஹேட்ச்பேக், செடான் கார்கள் ஏற்றவையல்ல. வெளிநாட்டு இணையத்தில் ஒரு மாடலுக்கு 3,500 கிலோ இழுவைத் திறன் என்று போட்டிருக்கலாம். இந்தியாவில் விற்கும் அதே பெயர் வண்டியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே இங்கே செல்லும். கொக்கியில் இறங்கும் பாரத்தையும் வண்டியின் சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காற்றும் மலையும்

சூலூர் வட்டாரம் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே உள்ளது. தென்மேற்குப் பருவக் காற்று இந்த வழியாகத்தான் கொங்குச் சமவெளிக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அதுவே காரணம். ஆனி, ஆடி மாதங்களில் தெற்கு வடக்காகப் போகும் சாலைகளில் காற்று வண்டியின் பக்கவாட்டில் அறையும். மூடிய டிரெய்லருக்கு இது பெரும் சோதனை. திறந்த டிரெய்லரில் காற்று புகுந்து வெளியேற இடமுண்டு. அந்தப் பருவத்தில் மூடிய வண்டிதான் வேண்டுமென்றால் டிரெய்லரைவிட கண்டெய்னர் லாரியே பத்திரம்.

ஊட்டிக்குப் போவதென்றால் கணக்கே வேறு. மேட்டுப்பாளையம் கடந்ததும் ஏற்றம் தொடங்கி, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம்வரை போக வேண்டும். 5 மீட்டர் பிக்கப்பும் 6 மீட்டர் டிரெய்லரும் சேர்ந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, டிரெய்லரின் சக்கரம் முன் வண்டியின் தடத்தைவிட உள்ளே ஒதுங்கி வரும். எதிரே பேருந்து வந்துவிட்டால் டிரெய்லரோடு பின்னே எடுப்பது பழகாதவருக்கு இயலாத காரியம். இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் மலைப்பாதை வழக்கம். கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். வால்பாறைப் பாதையில் 40. இந்தச் சாலைகளுக்கு டிரெய்லரை ஒதுக்கிவிட்டு, அளவான லாரியில் ஏற்றுவதே சரி. சென்னை, பெங்களூரு போன்ற நான்கு வழிச் சாலைப் பயணங்களுக்கு டிரெய்லர் பொருந்தும்.

சட்டத்தின் பக்கம்

டிரெய்லரும் சட்டப்படி தனி வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவின்படி டிரெய்லரின் பதிவெண் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்து, பதிவு இல்லாமல் சாலையில் இறக்கினால் விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும்.

இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. ஆகவே நடுத்தர லாரி பலவற்றுக்குக் கனரக உரிமம் தேவைப்படாது. காரின் சொந்தக் காப்பீடு லாரியின் மேல் இருக்கும்போது நேரும் சேதத்தை ஈடுகட்டுமா என்று முன்பே கேட்டு, இல்லையென்றால் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும்.

ஏற்றுவதும் கட்டுவதும்

ஏற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பழைய கார்களில் பெட்ரோல் கசிவு சகஜம் என்பதால் டேங்கில் குறைவான எரிபொருளே இருக்கட்டும். ஏற்றியபின் கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். அரை நூற்றாண்டு பழைய கைபிரேக்கை மட்டும் நம்ப முடியாது.

முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு ரேட்செட் பெல்ட் குறைந்தபட்சத் தேவை. ஒவ்வொன்றின் வேலைச் சுமையும் அதன் லேபிளில் இருக்கும். லேபிள் இல்லாத பெல்ட்டை ஒதுக்கிவிட வேண்டும். டயரைச் சுற்றிக் கட்டினால் காரின் ஸ்பிரிங் தன் போக்கில் மேலும் கீழும் அசையும், பெல்ட் தளராது. அச்சில் கட்டுவதென்றால் பிரேக் குழாயை நசுக்காமல் பார்க்க வேண்டும். பம்பரிலும், ஃபோர்டு மாடல் டி போன்ற கார்களின் மர ஆரக்கால்களிலும் கட்டவே கூடாது. திறந்த வண்டியில் காருக்குத் துணி உறை போடுவதும் தவறு. காற்றில் படபடக்கும் துணி, ஒட்டிய தூசியோடு சேர்ந்து பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.

புது பெல்ட் முதல் சில கிலோமீட்டரிலேயே சற்றுத் தளரும். அமெரிக்கச் சரக்கு விதி முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறையும், பிறகு மூன்று மணி நேரத்துக்கு அல்லது 240 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் கட்டுகளைச் சோதிக்கச் சொல்கிறது. சூலூரிலிருந்து சென்னை போகும் வண்டி, பெருந்துறையைத் தாண்டுவதற்குள் முதல் நிறுத்தத்தை வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு சரியாகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெல்ட்டோடு, சக்கர மையம் கைக்குச் சூடாக இருக்கிறதா, டயர் காற்று குறைந்திருக்கிறதா, பின் விளக்குகள் எரிகின்றனவா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.