இளநீரும் லோ சோடியம் உப்பும்: கிட்னி பேஷன்ட் இருக்கிற வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க வீட்டு உப்பு டப்பா.

பெரியப்பாவுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். டயாலிசிஸ் வரைக்கும் போகல. டாக்டர் "உப்பைக் குறைங்க"ன்னு சொன்னதும், நான் ஆன்லைன்ல லோ சோடியம் உப்பு ஆர்டர் பண்ணேன். கள்ளிக்குப்பம் வெயிலுக்குத் தினம் ஒரு இளநீர் வேற. அடுத்த பிளட் டெஸ்ட்ல பொட்டாசியம் 5.8. இருக்க வேண்டியது சுமார் 3.5-லருந்து 5-க்குள்ள. உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னாங்க. நல்லவேளை, இதயத்துக்கு ஒண்ணும் ஆகல.

எங்க தப்பு? சாதா உப்பு, சோடியம் குளோரைடு. லோ சோடியம் உப்புல அதுல ஒரு பங்கை எடுத்துட்டு பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறாங்க. பாக்கெட்டோட பின்பக்கம் போட்டிருந்தது. நான் முன்பக்கம் மட்டும்தான் படிச்சேன்.

சாப்பாட்டுல வர்ற பொட்டாசியத்துல சுமார் 90 சதவீதத்தை நல்ல கிட்னி வெளியேத்திடும். கிட்னி பலவீனமானா அது ரத்தத்துலயே தேங்கும். ரொம்ப ஏறினா இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்னுகூடப் போகலாம். பல பேருக்கு முன்கூட்டி அறிகுறியே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில பொட்டாசியம் கலந்த உப்பைப் பரிந்துரைச்சப்போகூட, கிட்னி பாதிப்பு உள்ளவங்களுக்கு அது பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு.

லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் மாதிரி பிபி மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏத்தலாம். ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க. பல பேருக்கு கிட்னியைக் காப்பாத்துறதே அந்த மாத்திரைதான்.

அப்போ என்ன பண்றது? சாதா உப்பையே குறைச்சுப் போடுங்க. ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குலதான் வரும். ருசிக்கு மிளகு, சீரகம், பூண்டு இருக்கே. பொட்டாசியம் கூடியிருந்தா காயைச் சின்னதா நறுக்கி, நிறைய தண்ணியில வேக வச்சு, தண்ணியை வடிச்சுக் கொட்டுங்க. அதை ரசத்துல ஊத்தினா பிரயோஜனமே இல்ல.

இது எல்லாருக்கும் ஒரே சார்ட் கிடையாது. பொட்டாசியம் சரியா இருக்கிறவங்க பழத்தை எல்லாம் ஒதுக்க வேண்டியதில்ல. டயாலிசிஸுக்கு முன்னாடி புரதத்தை அளவாச் சாப்பிடச் சொல்வாங்க, டயாலிசிஸ் ஆரம்பிச்சா கூட்டச் சொல்வாங்க. அதனால வாட்ஸ்அப்ல வர்ற டயட்டை நம்பாம, ரிப்போர்ட்டோட டயட்டீஷியனைப் பாருங்க.

பெரியப்பாவுக்கு இப்போ 4.8. "சார் ஏன் வர்றதில்ல"ன்னு இளநீர்க்காரர் கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "எங்க அம்மாவுக்கும் கிட்னிதான் தம்பி, தினமும் குடிக்கிறாங்க"ன்னார். அவர்கிட்ட சொன்னதைத்தான் இன்னைக்கு உங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்.