காந்தம் காட்டும் மார்பகம்

மாமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்து முடித்த பிறகு, "இன்னும் ஓர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம், அம்மா" என்று டாக்டர் சொல்லும்போது, வியாதி முற்றிவிட்டதோ என்ற கலக்கமே பெரும்பாலான ஸ்திரீகளுக்கு முதலில் உண்டாகிறது. அந்தக் கலக்கத்துக்குப் பெரும்பாலும் ஆதாரமில்லை. முந்திய சோதனைகள் தெளிவான விடை தராத ஏதோ ஒரு கேள்விக்காகவே இந்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கப்படுகிறது. அந்தக் கேள்வி இன்னதென்று டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நோயாளி செய்ய வேண்டிய முதற் காரியம்.

மாமோகிராமுக்கு எக்ஸ்ரே வேண்டும், எம்.ஆர்.ஐ.க்கு அது வேண்டாம். சரீரத்திலுள்ள நீரிலும் கொழுப்பிலும் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் உட்கருக்கள் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தினுள்ளே திசைப்பட்டு நிற்க, ரேடியோ அலையால் அவற்றைக் கலைத்து, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது எழும் சமிக்ஞைகளைக் கம்ப்யூட்டர் சித்திரமாக்கித் தருகிறது. இந்த வித்தையை உருவாக்கியதற்காக பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் மார்பகத்தைப் பொறுத்தவரை காந்தம் மாத்திரம் போதவில்லை. புற்றுக் கட்டியும் அதைச் சூழ்ந்த திசுவும் சாயலில் ஒத்திருந்தன. 1980-களின் நடுவில் ஜெர்மனியில் சில்வியா ஹெய்வாங் முதலியோர் கடோலினியம் கலந்த மருந்தை ரத்தத்தில் செலுத்திப் படம் எடுத்த பிறகே வழி திறந்தது. வளரும் கட்டி தன் போஷணைக்காகப் புதிய ரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்கிறது. அவசரத்தில் முளைத்த அக்குழாய்களின் சுவர்கள் ஒழுகும் தன்மையுடையவை. ஆகையால் மருந்து அங்கே விரைந்து புகுந்து, பல சமயங்களில் விரைந்தே வெளியேறுகிறது. இந்த வரத்தையும் போக்கையும் நிமிஷக் கணக்கில் அளந்து பார்ப்பதுதான் ரேடியாலஜி நிபுணரின் சூக்ஷ்மமான வேலை.

இதனால் அதிகப் பிரயோஜனம் அடைகிறவர்கள் யார்? பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்னும் மரபணுக்களில் கோளாறு உள்ள குடும்பத்தினரும், இளமையில் மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் முதல் வரிசையில் நிற்கிறார்கள். பரம்பரை அபாயமுள்ள ஸ்திரீகளைப் பற்றி நெதர்லாந்தில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பரவும் தன்மையுள்ள புற்றுக்களில் மாமோகிராம் கண்டது 33.3 சதவீதம், எம்.ஆர்.ஐ. கண்டதோ 79.5 சதவீதம். 2007-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், ஆயுட்கால அபாயம் ஏறத்தாழ 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு மாமோகிராமுடன் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ.யும் வேண்டுமென்றது. கவனிக்க: மாமோகிராமுக்குப் பதிலாக அன்று, அதனுடன். மணல்போல் படியும் நுண்ணிய சுண்ணப் படிவுகள் மாமோகிராமில் தெரிவதுபோல் காந்தத்தின் சித்திரத்தில் தெரிவதில்லை.

எம்.ஆர்.ஐ.யின் குறை, அது அளவுக்கு மிஞ்சியும் பார்த்துவிடுவதுதான். மிக அடர்த்தியான மார்பகமுள்ளவர்களிடையே அதே நெதர்லாந்தில் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், இரு பரிசோதனைகளுக்கு இடையே தலைகாட்டும் புற்று 1,000-க்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது மகத்தான பலனே, ஆயினும் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து, ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்யப்பட்டவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே புற்று இருந்தது. மற்ற மூவர் ஊசியின் வேதனையையும், முடிவு வரும்வரை உறக்கமற்ற இரவுகளையும் வீணாகவே அனுபவித்தார்கள். இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி வைப்பது டாக்டரின் கடமை என்றே நான் கருதுகிறேன். விசேஷ அபாயமில்லாத ஒருவர், மனத் திருப்திக்காகவென்று பணம் கட்டி இந்த ஸ்கேனை எடுத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

மாதவிலக்கு நிற்காதவர்கள், விலக்கு வந்த 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் தேதி கேட்டுப் பெறுவது உத்தமம்; மற்ற நாட்களில் ஹார்மோன்களின் ஆதிக்கத்தால் நல்ல திசுவும் மருந்தை உறிஞ்சிப் பிரகாசித்து, இல்லாத சந்தேகத்தைக் கிளப்பிவிடும். (சிகிச்சையே தாமதப்படும் நிலையில் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.) பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப் ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்த பிறகே கடோலினிய ஊசி போடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசியைத் தவிர்ப்பதே வழக்கம்.

ஆபரண விஷயத்தில் நம் பெண்கள் தயங்குவதுண்டு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் அவசரத்துக்கு உதவுமென்று தாலிச் சரட்டில் மாட்டி வைத்திருக்கும் ஊக்கு எஃகினால் ஆனது. கொண்டை ஊசியும் அப்படியே. காந்தம் எந்நேரமும் விழித்திருப்பது. 2018-இல் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் ஸ்கேன் அறைக்குள் நுழைந்த ஒருவர் உயிரிழந்தார். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள், டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டு, மஞ்சள் கிழங்கு கோத்த வெறும் நூற்கயிற்றை அணிந்து செல்லலாம்.

உள்ளே மல்லாந்து படுப்பதில்லை. குப்புறப் படுக்க வேண்டும். மார்பகங்கள் இரண்டும் மேஜையிலுள்ள குழிவுகளில் தொங்க, அவற்றைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் சமிக்ஞைகளை வாங்கிக்கொள்ளும். அரைமணி முதல் முக்கால்மணி வரை அசையாதிருக்க வேண்டும். சம்மட்டி அடிப்பது போன்ற ஓசை எழும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். மூச்சு முட்டுவதாகத் தோன்றினால் அழுத்துவதற்குக் கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும். அதை அழுத்துவதில் கூச்சம் வேண்டாம்.

பழைய படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இருந்தால் அநேக சந்தேகங்கள் அங்கேயே தீரும். ரிப்போர்ட்டில், சந்தேகத்தின் அளவைக் குறிக்கும் பைராட்ஸ் எண் 4 அல்லது 5 என்றிருந்தால், அது புற்றென்ற தீர்ப்பன்று, பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள் என்ற உத்தரவு. ஸ்கேன் சுத்தமென்று வந்தும் கைக்குக் கட்டி தட்டுப்படுமானால், அந்தக் காகிதத்தை நம்பி வீட்டில் இருந்துவிடாமல், மறுபடியும் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.