அத்தையையும் கேளுங்கள்!

"அம்மாவுக்கு எத்தனை வயசுல மாதவிலக்கு நின்னுச்சு? அத்தைக்கு?"

குழந்தைக்காக என்னிடம் வரும் பெண்களிடம் இதைத்தான் முதலில் கேட்கிறேன். "குழந்தை வேணும்னு வந்தது நான், அத்தையைப் பத்தி எதுக்கு டாக்டர்?" என்று சிரிப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்கத் தவறினேன். வயது 29. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் விலக்கு. உடம்பைத் தேற்றினால் சரியாகும் என்று சூரணம், லேகியம் என எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். ஒருநாள் துணைக்கு வந்த அத்தை (அப்பாவின் தங்கை), "எனக்கு முப்பத்தஞ்சுலயே நின்னுடுச்சு" என்றார். உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சினைப்பையில் முட்டைகள் ஏறக்குறைய தீர்ந்திருந்தன. அந்த எட்டு மாதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

முட்டை தீருமா?

தீரும். ஆணுக்கு விந்தணு தினமும் உற்பத்தியாகிறது. பெண்ணுக்கோ தாய் வயிற்றிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. ஐந்து மாதக் கருவில் 60, 70 லட்சம் முட்டைகள். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்படையும்போது 3, 4 லட்சம். அதில் வாழ்நாளில் வெளிவருவது சுமார் 400தான். மீதி தானாகவே கரைந்துபோகும்.

இந்தச் சேமிப்பை நிர்வகிப்பதில் சில ஜீன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. "நீ வளரு", "நீ பொறு" என்று ஒரு செல் பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்வது இவற்றால்தான். 'பி.எம்.பி. 15' அப்படி ஒரு ஜீன். அதன் சேதி முட்டையிலிருந்து கிளம்புகிறது. சுற்றியுள்ள செல்கள் அதைக் கேட்டுப் பெருகி முட்டையைப் போஷிக்கின்றன.

சேதி குழம்பினால்? நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறி ஆடுகளில் 2000-ம் ஆண்டு இது தெரிந்தது. இந்த ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் பழுது என்றால், ஆடு அதிகமாக இரட்டைக் குட்டி போடுகிறது. இரண்டிலும் பழுது என்றால் சினைப்பையே சரியாக வளராது, குட்டியே கிடையாது.

2004-ல் இத்தாலிய ஆய்வாளர்கள், சினைப்பை சரியாக வளராத அக்கா-தங்கை இருவரிடம் இதே ஜீனில் பழுதைக் கண்டார்கள். அது வந்தது யாரிடமிருந்து தெரியுமா? அப்பாவிடமிருந்து! அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதனால்தான் அம்மா வழியோடு அப்பா வழியையும் விசாரிக்கச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் இந்த ஒரு ஜீன்தான் காரணம் என்றில்லை. பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை.

என்ன செய்யலாம்?

* நாற்பது வயதுக்குள் விலக்கு தள்ளித் தள்ளிப் போனாலோ, நின்றாலோ, எஃப்.எஸ்.எச்., ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். மருந்து அப்புறம்.

* குடும்பத்தில் யாருக்காவது சீக்கிரம் நின்றிருந்தால், பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் முன் மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள்.

* சீக்கிரம் நின்றால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.

* கணவருக்கும் பரிசோதனை அவசியம்.

நம்பிக்கையை விட வேண்டாம். இந்த நிலையிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பெண்கள் தானாகவே கருத்தரிக்கிறார்கள். ஆனால் புது முட்டையை உண்டாக்கும் லேகியம் எதுவும் கிடையாது. சித்த வைத்தியம் படித்த நானே சொல்கிறேன்!

மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை: மருமகள் பிறக்கும் முன்பே எழுதப்பட்ட கணக்குக்கு அவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.