இரண்டடித் தண்ணீரில் ஓடிய கப்பல்

செங்கல்பட்டுத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் போகிறவர்களுக்குத் தெரியும், ஆறு அகலம், தண்ணீர் கொஞ்சம். கோடையில் கங்கையிலும் மணல்திட்டுத் தொல்லைதான். அதற்கென்றே 1834இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் இரும்பு நீராவிக் கப்பலை ஓடவிட்டது. லண்டன் மாட்ஸ்லி பட்டறையில் செய்து, துண்டுதுண்டாகக் கொண்டுவந்து, கல்கத்தாவில் பூட்டினார்கள். நீளம் சுமார் 120 அடி. தண்ணீருக்குள் அமிழ்ந்தது சுமார் 2 அடி. பெயர் 'லார்டு வில்லியம் பென்டிங்க்'. (அந்தப் பென்டிங்க், பாலாற்றங்கரை வேலூரில் 1806இல் சிப்பாய்கள் எழுந்த பிறகு சென்னை ஆளுநர் பதவியை இழந்தவர். பிறகு கல்கத்தாவுக்கே தலைமை ஆளுநராக வந்தார்!)

உள்ளே போவோம். முதலில் பாய்லர். கரி எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, ஆவி குழாய் வழியே சிலிண்டருக்குப் போய்ப் பிஸ்டனைத் தள்ளுகிறது. இதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்தக் காலத்து ஆவிக்கு அழுத்தம் குறைவு. பாதி வேலையைச் செய்தது குளிர்ச்சி!

கொதிக்கும் சாம்பாரைத் தூக்குவாளியில் ஊற்றி உடனே இறுக்கி மூடிப் பாருங்கள். ஆறியதும் மூடி திறக்க வராது. உள்ளிருந்த ஆவி தண்ணீராகச் சுருங்கிவிட்டது. வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடிக்கிறது. கப்பலிலும் இதேதான். வேலை முடிந்த ஆவியைப் பக்கத்து அறைக்கு விட்டு, ஆற்றுத் தண்ணீரைப் பீய்ச்சிக் குளிர வைப்பார்கள். ஆவி சுருங்கும், பிஸ்டனுக்கு ஒரு பக்கம் வெற்றிடமாகும். அதனால் மறுபக்கத்து ஆவி லேசாகத் தள்ளினாலே போதும், பிஸ்டன் ஓடிவிடும். பிறகு திசை மாறும், மறுபடி ஓடும்.

இப்படிப் போய்வரும் ஓட்டத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க். மிதிக்கிற தையல் மிஷினில் கால் மேலும் கீழும் போக, சக்கரம் சுற்றுகிறதே, அதே வேலை. அது சுற்றும் அச்சின் இரு முனையிலும், கப்பலுக்கு வெளியே, பலகை பூட்டிய பெரிய சக்கரங்கள். பலகை தண்ணீரைப் பின்னால் தள்ள, கப்பல் முன்னால் நகரும்.

அடியில் சுழலும் விசிறிக்கு ஆழம் வேண்டும். இரண்டடித் தண்ணீரில் அது மணலைத்தான் கிண்டும். சக்கரத்துக்கோ பலகை நனைந்தால் போதும். மரத்தை விட்டு இரும்புக்குப் போனதும் இதற்காகத்தான்: மெல்லிய தகட்டில் உடம்பு எடை குறைந்தது, கப்பல் மிதந்து நின்றது.

பயணிகள் இந்தக் கப்பலில் ஏறவில்லை. பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்த தனிப்படகில் உட்கார்ந்து, ஏறத்தாழ மூன்று வாரத்தில் அலகாபாத் போய்ச் சேர்ந்தார்கள்.