மனநோய் தீர எத்தனை நாள்?

காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகிறோம். "எத்தனை நாளில் குணமாகும்?" என்று கேட்கிறோம். "மூன்று நாள் மருந்து சாப்பிடுங்கள்" என்கிறார். நிம்மதியாகத் திரும்புகிறோம்.

மனதில் நோய் வந்தால்?

அதற்குப் பேச்சு சிகிச்சை உண்டு. இதில் பேச்சுதான் மருந்து! நோயாளியும் மனோதத்துவ நிபுணரும், பெரும்பாலும் வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து பேசுவார்கள்.

இங்கு வருபவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எத்தனை நாள் ஆகும்?"

"நட!"

வியன்னா நகர டாக்டர் சிக்மண்ட் பிராய்டு, 1913-ம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இதற்குப் பதில் சொன்னார். ஈசாப் கதை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஒரு வழிப்போக்கன் அறிஞரிடம் கேட்டான். "நட!" என்றார் அவர். நடையின் வேகத்தைப் பார்த்தால்தானே நேரம் சொல்ல முடியும்!

பிராய்டிடம் வந்தவர்கள் வாரத்தில் 6 நாள் வந்தார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வந்தார்கள்!

கணக்கு கிடைத்தது

பிறகு சிகிச்சை முறைகள் மாறின. காலமும் குறைந்தது.

1986-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கென்னத் ஹோவர்டும் அவருடைய கூட்டாளிகளும், 2,400-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். 8 தடவை வந்ததும் சுமார் பாதிப் பேருக்கு குணம் தெரிந்தது. 26 தடவையில், 100-க்கு சுமார் 75 பேருக்கு குணம் தெரிந்தது.

பாதி வழியில்...

பலரோ நாலைந்து தடவையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வருகிறார்கள். ஆகாவிட்டால், "எனக்கு இது பலிக்காது" என்று மனம் உடைந்து நின்றுவிடுகிறார்கள். குணம் தெரியும் முன்பே போய்விடுகிறார்கள்!

இடையில் நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் கணக்குப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றிருந்தார்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. சுமார் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது! அப்படிச் சொல்லப்பட்டவர்கள் கூடுதல் தடவை வந்தார்கள் என்று அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே, முதல் நாளே கூச்சப்படாமல் கேளுங்கள். "எத்தனை தடவை வர வேண்டும்? குணம் தெரிகிறதா என்று எப்போது பார்ப்போம்?" என்று கேளுங்கள்.

அலுப்புத் தட்டினால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அந்த அலுப்பையும் அவரிடமே சொல்லுங்கள். அதைப் பேசுவதும் சிகிச்சைதான்!