காத்திருக்கலாமா?

பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு மூன்று வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கிறான். "இவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்" என்கிறார் பாட்டி. காத்திருக்கலாமா?

கூடாது. மருத்துவர் முதலில் காதைச் சோதிப்பார். காது நன்றாகக் கேட்டால், ஆட்டிசமாக இருக்குமோ என்று ஆராய்வார். 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து விவரித்த நிலை இது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடே ஆட்டிசம். பெற்றோர் வளர்ப்பின் குறையன்று.

இரத்தச் சோதனையோ எக்ஸ்ரே படமோ இதைக் காட்டாது. பின் எப்படிக் கண்டுபிடிப்பது? கவனித்துத்தான்! பெற்றோரை விசாரிப்பார்கள், குழந்தையோடு விளையாடிப் பார்ப்பார்கள். கண்ணைப் பார்க்கிறானா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறானா என்றெல்லாம் குறித்துக்கொள்வார்கள். இந்தியாவில் பயன்படும் ஓர் அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-ஐ எட்டினால் ஆட்டிசம் என்று கொள்வர்.

பேச்சுப் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஆகவே நீங்களே சொல்லுங்கள்: "நாலு வயது வரை காத்திருக்க வேண்டாம், பாட்டி!"